சாயங்காலம் முதல் விடியல் வரை: எந்தப் பொழுதுக்கு எந்தச் சொல்

"ஞாயித்துக்கிழமை கருக்கல்ல வந்துருங்க, வேன் நிக்காது" என்று சித்தப்பா சொல்லியிருந்தார். கோவில்பட்டிப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் பொங்கல். நான் வளர்ந்தது பம்பாயில். வீட்டில் தமிழ் பேசுவோம், அம்மா எழுத்தும் சொல்லிக்கொடுத்திருந்தார், ஆனால் ஊர்ப்பேச்சு பழக்கமில்லை. கருக்கல் என்றால் வானம் கருக்கிற நேரம், அந்தியில்தான் கிளம்புவார்கள் போல என்று எண்ணி, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் நின்றேன். வீடு பூட்டியிருந்தது. வேன் அன்று காலை நாலரை மணிக்கே போய்விட்டது என்று பக்கத்து வீட்டு ஆச்சி சொன்னார். எங்கள் பாட்டி தன் கையால் வைத்த கடைசிப் பொங்கல் அது. அந்தப் பூட்டு இன்னமும் என் கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து பொழுதைக் குறிக்கும் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வெளிமாநிலத்திலோ வெளிநாட்டிலோ வளர்ந்து, தமிழ் படிக்கத் தெரிந்து, இப்போது ஊரோடும் உறவோடும் பழக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வரிசையாக வாருங்கள்.

முதல் படி: கடிகாரத்தை விட்டு வானத்தைப் பாருங்கள்

நம் பேச்சில் சாயங்காலம், ராத்திரி என்பவை மணிக்கணக்கால் வந்த சொற்கள் இல்லை. வெளிச்சம் எவ்வளவு இருக்கிறது, மாடு வீடு திரும்பிவிட்டதா, விளக்கு வைத்தாயிற்றா, ஊர் அடங்கிவிட்டதா என்பதை வைத்துத்தான் பழைய ஆட்கள் நேரம் சொன்னார்கள். ஊரடங்கு என்ற சொல்லைப் பாருங்கள். 2020இல் எல்லோர் வாயிலும் புழங்கிய அந்தச் சொல்லுக்கு அடியில், ஊர் சத்தம் ஓய்ந்து அடங்கும் இரவு நேரம்தான் இருக்கிறது.

இங்கே முக்கியமான சொல் பொழுது. அதற்குச் சூரியன் என்றும் பொருள், நேரம் என்றும் பொருள். பொழுது சாயுது, பொழுது இறங்கிருச்சு, பொழுது அடைஞ்சிருச்சு என்று சொன்னால் அங்கே பொழுது என்பது சூரியன். இதில் புதியவர்கள் இடறும் ஓர் இடம் உண்டு. "பொழுது போகல" என்றால் சும்மா இருந்து அலுத்துவிட்டது என்று அர்த்தம். "பொழுது போயிருச்சு, கிளம்புங்க" என்றால் இருட்டிவிட்டது என்று அர்த்தம். வினைச்சொல் ஒன்றுதான், பொருள் முற்றிலும் வேறு. "பொழுது விடிஞ்சு பொழுது போனா இதே சண்டைதான்" என்று ஒரு வீட்டைப் பற்றிச் சொன்னால், நாள் முழுக்க, எந்நாளும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வானத்தைப் பார்த்துச் சொல்லும் வழக்கம் இங்கே கடிகாரத்தோடு அதிகம் முட்டுவதில்லை. சென்னையில் நவம்பர் கடைசியில் 5.40 வாக்கில் சூரியன் மறையும், ஜூலை தொடக்கத்தில் 6.40 வாக்கில் மறையும். வருடம் முழுக்க ஒரு மணி நேரத்துக்குள்தான் ஏற்ற இறக்கம். அதனால் ஆறு மணி என்றால் விளக்கு வைக்கும் நேரம் என்பது எல்லா மாதத்துக்கும் பொருந்திவிடுகிறது. லண்டனில் இருக்கும் உறவினர்களுக்குத்தான் சிக்கல். அங்கே ஜூன் மாதம் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். "ராத்திரி எட்டரை மணிக்கு வெயில் அடிக்குது" என்று அவர்கள் போனில் சொல்லும்போது, ஊர்க் கடிகாரத்தின் சொல்லை அந்த ஊர் வானத்துக்கு வைக்கிறார்கள். அதில் தவறில்லை. அங்கே எல்லோரும் அப்படித்தான் பேசுகிறார்கள்.

இரண்டாம் படி: நான்கு சொற்களை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

சாயங்காலம், ராத்திரி, நடுராத்திரி, விடியக்காலம். இந்த நான்கும் கைவந்தால் எந்த ஊரிலும் சமாளிக்கலாம்.

வெயில் தணியத் தொடங்கும் நாலு மணியிலிருந்து விளக்கு வைக்கும் வரை சாயங்காலம். சிலர் சாயந்தரம், சாயந்திரம் என்பார்கள், எல்லாம் ஒன்றே. ஆறரை மணிக்கு மேல் சாயங்காலமும் ராத்திரியும் கொஞ்ச நேரம் கலந்து நிற்கும். "சாயங்காலம் ஏழு மணி" என்றும் கேட்கலாம், "ராத்திரி ஏழு மணி" என்றும் கேட்கலாம். எட்டு ஆகிவிட்டால் ராத்திரிதான். பத்து பத்தரைக்கு மேல் யாராவது கதவைத் தட்டினால் "இந்த ராத்திரியில யாரு?" என்பார்கள், பன்னிரண்டுக்கு மேல் என்றால் "நடுராத்திரியில யாரு?" என்று குரல் மாறும். மூன்று மணிக்கு மேல் விடியக்காலம்.

எழுத்தில் இதே நான்கும் வேறு உடை போட்டுக்கொள்ளும்: மாலை, இரவு, நள்ளிரவு, அதிகாலை. செய்தியிலும் அழைப்பிதழிலும் மேடையிலும் இவைதான். வீட்டில் பேசும்போது "நான் இன்று மாலை வருகிறேன்" என்றால் செய்தி வாசிப்பது போல இருக்கும். வீட்டுப் பேச்சில் மாலை என்றதும் கழுத்தில் போடும் மாலைதான் முதலில் நினைவுக்கு வரும். "இன்னிக்கு சாயங்காலம் வரேன்" என்பதே வாய்ப்பேச்சு. நகரத்தில் ஈவினிங், நைட் என்று சொல்வோர் ஏராளம். "நைட் ஷிப்ட்", "நைட் டிபன்" எல்லாம் தமிழாகவே ஆகிவிட்டன, அவற்றைச் சொல்லத் தயங்க வேண்டாம். ஆனால் வயதானவர்களிடம் ராத்திரி என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் உங்களிடம் பேசும் விதமே மாறும். இதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

அரசுத் தாள்களில் முற்பகல், பிற்பகல் என்றும், சுருக்கமாக மு.ப., பி.ப. என்றும் இருக்கும். நள்ளிரவு முதல் நண்பகல் வரை முற்பகல், அதற்குப் பின் பிற்பகல். அதனால் பி.ப. 8 மணி என்றால் ராத்திரி எட்டு மணி. பேச்சில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மூன்றாம் படி: சொல்லின் வாலைக் கவனியுங்கள்

சொல் தெரிந்தும் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். "சாயங்காலம் வரேன்" என்றால் வருவது உறுதி. "சாயங்காலமா வரேன்" என்று ஓர் ஆகாரம் சேர்ந்தால், நாலுக்கும் ஏழுக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று பொருள். பிளம்பரோ எலக்ட்ரீஷியனோ "சாயங்காலமா வரேன்" என்று சொன்னால், "எத்தனை மணிக்கு அண்ணே?" என்று உடனே கேட்டுவிடுங்கள். "சாயங்காலத்துக்குள்ள" என்றால் இருட்டுவதற்கு முன். "சாயங்காலத்துக்கு மேல" என்றால் ஏழுக்குப் பிறகு.

"ராத்திரிக்கு" என்பது இன்னும் சுவையானது. "ராத்திரிக்கு என்ன?" என்று ஒருவர் கேட்டால் அது சாப்பாட்டைப் பற்றிய கேள்வி. இட்லியா, சப்பாத்தியா, மதியம் வைத்த குழம்பா என்று பதில் சொல்ல வேண்டும். "ராத்திரிக்கு இருந்துட்டுப் போங்க" என்றால் சாப்பிட்டு, படுத்து, காலையில் போகலாம் என்ற அழைப்பு. அந்தத் தங்கலுக்கு ராத்தங்கல் என்று பெயர். "ராத்தங்க மாட்டாங்க, சாப்பிட்டுக் கிளம்பிருவாங்க" என்று விருந்தாளிகளைப் பற்றிச் சமையலறையில் பேசிக்கொள்வார்கள்.

ராத்திரி தேய்ந்து ரா என்று நின்றும் நிறையச் சொற்கள் உண்டு: ராச்சாப்பாடு, ராப்பிச்சை, ராப்பகலா உழைத்தான். இந்த ரா, பழைய இரா என்ற சொல்லின் தேய்வு என்றும் சொல்லலாம். மார்கழியில் ஸ்ரீரங்கம் போனால் பகல்பத்து, இராப்பத்து என்று கேட்பீர்கள். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தைய பத்து நாள் பகல்பத்து, ஏகாதசியிலிருந்து தொடங்கும் பத்து நாள் இராப்பத்து. "ராவோடு ராவா ஊரைக் காலி பண்ணிட்டான்" என்றால் ஒரே இரவில், பிறருக்குத் தெரியாமல் என்று அர்த்தம். எழுத்தில் இரவோடு இரவாக. விடிய விடிய என்றால் தூங்காமல் முழு இரவும். "விடிய விடிய கதை கேட்டுச் சீதைக்கு ராமன் சித்தப்பா என்றானாம்" என்ற பழமொழி தெருக்கூத்தை நேரில் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கூத்து ராத்திரி தொடங்கி உண்மையிலேயே விடியும் வரை நடக்கும், பாதிப் பேர் பாயில் சாய்ந்திருப்பார்கள்.

நான்காம் படி: அந்தி என்ற அரைமணி நேரம்

சூரியன் மறைந்தும் வெளிச்சம் போகாத அந்த அரைமணி நேரத்துக்குத்தான் தமிழில் சொற்கள் குவிந்து கிடக்கின்றன. அந்தி எல்லோருக்கும் தெரிந்தது. அந்தி வானம், அந்தி வெயில், சாயங்காலம் பூக்கிற அந்திமந்தாரை. "அந்தி மழை அழுதாலும் விடாது" என்பார்கள், சாயங்காலம் பிடித்த மழை லேசில் ஓயாது என்று. தெற்கே மூவந்தி என்ற சொல்லும் உண்டு. பகலும் இல்லாமல் இருட்டும் இல்லாமல் கண் மங்கும் வெளிச்சம் மசங்கல். "மசங்குற நேரத்துல நூல் கோக்காதே" என்று என் அத்தை கையிலிருந்த ஊசியை வாங்கி வைத்தது நினைவிருக்கிறது. இருட்டத் தொடங்கியதும் கண் தெரியாமல் போகும் நோய்க்கு மாலைக்கண் என்று பெயர். வைட்டமின் ஏ குறைவால் வருவது. முருங்கைக் கீரை கொடுக்கச் சொல்வார்கள்.

ஆனால் வீட்டுக்குள் நீங்கள் அதிகம் கேட்கப்போவது "விளக்கு வைக்கிற நேரம்" என்பதைத்தான். இது வெறும் நேரக்குறிப்பு இல்லை, அதோடு ஒரு நடத்தையும் சேர்ந்தே வருகிறது. "விளக்கு வைக்கிற நேரத்துல படுக்காதே", "விளக்கு வைக்கிற நேரத்துல வாசலை அடைச்சுட்டு நிக்காதே", "விளக்கு வச்சதுக்கப்புறம் வீடு கூட்டாதே", "தலை வாராதே". அந்த நேரத்துக்கு மேல் பணம், பால், தயிர், உப்பு, ஊசி ஆகியவற்றை வெளியே கொடுக்கத் தயங்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன, வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் கறாராக இருப்பார்கள். பக்கத்து வீட்டில் ஏழு மணிக்கு உப்புக் கேட்டு அவர்கள் முகம் மாறினால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை.

இருட்டிய பிறகு சில சொற்களையே மாற்றிக்கொள்வார்கள். பாம்பைப் பூச்சி என்பார்கள். "வரப்புல பூச்சி பொட்டு கிடக்கும், டார்ச் எடுத்துக்கோ" என்றால் எறும்பை நினைத்துக்கொண்டு வெறுங்காலோடு இறங்கிவிடாதீர்கள். சாமி விளக்கை அணை என்று சொல்வதில்லை. விளக்கை அமர்த்து, குளிர வை என்பார்கள். தானாக அணைந்துவிட்டால் விளக்கு மலையேறிவிட்டது. லைட்டை ஆஃப் பண்ண இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

ஐந்தாம் படி: ராத்திரியின் உட்பிரிவுகள்

அறுபது நாழிகை ஒரு நாள். ஒரு நாழிகை 24 நிமிடம். ஏழரை நாழிகை, அதாவது மூன்று மணி நேரம், ஒரு சாமம். இதையே யாமம் என்றும் ஜாமம் என்றும் சொல்வார்கள். ஆறு மணிக்கு இரவு தொடங்குவதாக வைத்துக்கொண்டால் நான்கு சாமத்தில் விடியும். மகா சிவராத்திரிக்குக் கோயிலில் நான்கு சாம பூஜை நடப்பது இந்தக் கணக்கில்தான். பேச்சில் இவ்வளவு துல்லியம் தேவையில்லை. "சாமத்துல எந்திரிச்சு என்ன பண்றே?" என்றால் எல்லோரும் தூங்கும் நேரத்தில் என்பதோடு சரி. நடுச்சாமம் என்றால் நடுராத்திரி. சாமக்கோடாங்கி என்று குறி சொல்பவர் ஒருவர் அந்த நேரத்தில் தெருவழியே போவார் என்று சொல்லியே குழந்தைகளைத் தூங்கவைத்த வீடுகள் உண்டு.

கோயில் நேரம் மட்டும் கொஞ்சம் தனியாகத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். சாயரட்சை என்பது சாயங்காலப் பூஜை, ஆறு மணி வாக்கில். சில வீடுகளில் சாயங்காலத்தையே சாயரட்சை என்பார்கள். பிரதோஷ வேளை பொதுவாக நாலரை முதல் ஆறு வரை. சிவன் கோயிலில் கடைசிப் பூஜைக்கு அர்த்தசாமம் என்று பெயர். அர்த்த ராத்திரி என்றால் நடு இரவு என்பதால் பன்னிரண்டு மணிக்குப் போகலாம் என்று எண்ணிவிடாதீர்கள். பல கோயில்களில் எட்டரை, ஒன்பது மணிக்கெல்லாம் அர்த்தசாமம் முடிந்து, சாமியைப் பள்ளியறைக்கு அனுப்பி, நடை சாத்திவிடுவார்கள். போகும் கோயிலில் கேட்டுக்கொள்வது நல்லது.

சினிமா பழகிய ஊர்களில் இன்னொரு கணக்கும் உண்டு. "செகண்ட் ஷோ விடுற நேரம்" என்றால் நடுராத்திரி தாண்டியிருக்கும். கடைசி பஸ் போன பிறகு என்பதும் கிராமத்தில் ஒரு நேரம்தான். அந்த பஸ் எத்தனை மணிக்கு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், உங்களுக்குத்தான் தெரியாது. கேளுங்கள்.

ஆறாம் படி: பன்னிரண்டு மணிக்கு மேல் எந்தக் கிழமை?

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். பணமும் பயணமும் கல்யாணமும் கைவிட்டுப் போவது இங்கேதான்.

நம் வழக்கில் ஒரு நாள் சூரியன் உதிக்கும்போது தொடங்கி, மறுநாள் உதிக்கும்வரை நீள்கிறது. பஞ்சாங்கம் அப்படித்தான் கணக்கிடும். சனிக்கிழமை ராத்திரி இரண்டு மணி என்று பாட்டி சொன்னால் அவருக்கு அது சனிக்கிழமையேதான், இன்னும் விடியவில்லையே! ரயில் டிக்கெட்டுக்கோ பன்னிரண்டு அடித்ததும் ஞாயிறு. 00.15 மணி வண்டிக்கு 12ஆம் தேதி என்று போட்டிருந்தால், 11ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். 12ஆம் தேதி ராத்திரி போனால் வண்டி முந்தைய இரவே போயிருக்கும். நான் இப்போது யாருக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாலும், "சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிஞ்சு கிளம்பணும், டிக்கெட்ல ஞாயித்துக்கிழமைன்னு போட்டிருக்கும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் இதற்கு அழகான ஒரு வழி வைத்திருந்தார்கள். விடியற்காலை முகூர்த்தம் என்றால் "வியாழக்கிழமை இரவு, விடிந்தால் வெள்ளிக்கிழமை" என்று அச்சடிப்பார்கள். எந்த இரவு என்று யாருக்கும் சந்தேகம் வராது. உங்கள் வீட்டு அழைப்பிதழில் நாலரை மணி முகூர்த்தம் வந்தால் தயங்காமல் இந்த வாசகத்தைப் போடுங்கள். குழந்தை அதிகாலை மூன்று மணிக்குப் பிறந்திருந்தால் ஜாதகத்தில் முந்தைய நாளின் கிழமை இருக்கும், பிறப்புச் சான்றிதழில் மறுநாள் தேதி இருக்கும். இரண்டும் சரிதான். ஒன்றைத் திருத்த ஓடாதீர்கள்.

முஸ்லிம் நண்பர்களின் வீட்டில் கணக்கு வேறு. அங்கே சூரியன் மறைந்ததும் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. அதனால் வெள்ளி இரவு என்றால் வியாழக்கிழமை சூரியன் மறைந்த பின் வரும் இரவு. பெருநாள் இரவு என்றால் பெருநாளுக்கு முந்தைய இரவு. மஃரிபுக்கு அப்புறம் வாங்க என்றால் சூரியன் மறைந்ததும் நடக்கும் தொழுகைக்குப் பின். இஷாவுக்கு அப்புறம் என்றால் நன்றாக இருட்டிய பிறகு நடக்கும் தொழுகைக்குப் பின். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசைக்குக் கூப்பிட்டால் 24ஆம் தேதி ராத்திரி போக வேண்டும். யார் அழைத்தாலும், "தேதி எத்தனை? சாப்பிட்டுட்டு வரணுமா, தூங்கி எந்திரிச்சு வரணுமா?" என்று கேட்டுவிட்டால் தப்பவே தப்பாது. இந்தக் கேள்வியை யாரும் குறையாக எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

ஏழாம் படி: விடியலுக்கு முன்

வெள்ளி முளைக்கும் நேரம், தலைக்கோழி கூவும் நேரம், கோழி கூப்பிட, வைகறை, விடிகாலை, காலங்காத்தால. இவை எல்லாம் மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடைப்பட்டவை. வைகறை இப்போது எழுத்துச் சொல். பழைய இலக்கணம் ஒரு நாளைப் பத்துப் பத்து நாழிகையாக ஆறு சிறுபொழுதாகப் பிரித்தது: காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை. அந்தக் கணக்கில் மாலை ஆறு முதல் பத்து வரை, யாமம் பத்து முதல் இரண்டு வரை, வைகறை இரண்டு முதல் ஆறு வரை. ராத்திரி ஒன்பது மணியை நாம் இன்று மாலை என்று சொல்ல மாட்டோம், ஆனால் முல்லைத் திணைப் பாட்டில் தலைவி காத்திருக்கும் மாலை அதுவரை நீளும் என்பதைத் தெரிந்துகொண்டால் பாட்டு வேறு விதமாக விரியும். மலையாளம் பழகியவர்கள் இங்கே கவனமாக இருங்கள். அங்கே வைகுந்நேரம் என்றால் சாயங்காலம். தமிழில் வைகறை விடியலை ஒட்டியது.

இப்போது கருக்கலுக்கு வருகிறேன். வெளிச்சமும் இருட்டும் கலந்து உருவம் மட்டும் கறுப்பாகத் தெரியும் நேரம் கருக்கல். அது ஒரு நாளில் இரண்டு முறை வருகிறது: விடிவதற்கு முன் ஒன்று, இருட்டுவதற்கு முன் ஒன்று. எந்தக் கருக்கல் என்று பேச்சின் சூழல்தான் சொல்லும். பயணம், கோயில், வயல் வேலை என்றால் பெரும்பாலும் விடியல் கருக்கல். "கருக்கலாயிருச்சு, இன்னும் வரலை" என்றால் அந்திக் கருக்கல். ஊர்ப் பேச்சு பழகாதவரை, "காலைக் கருக்கலா, சாயங்காலமா சித்தப்பா?" என்று ஒரு சொல் கூடுதலாகக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

வெள்ளன என்ற சொல்லும் விடியலிலிருந்து பிறந்ததுதான், வானம் வெளுக்கும்போது என்று. ஆனால் மதுரைப் பக்கம் "வெள்ளனச் சாப்பிட்டுப் படு" என்று ராத்திரி ஏழு மணிக்கும் சொல்வார்கள். அங்கே அதற்குச் சீக்கிரமாக என்று மட்டுமே பொருள்.

எட்டாம் படி: ஊர் மாறினால் காதையும் மாற்றிக்கொள்ளுங்கள்

கோவை, ஈரோடு பக்கம் "பொழுதோட வாங்க" என்றால் சாயங்காலம் வாருங்கள் என்று பொருள். தெற்கே அதே "பொழுதோட வந்துரு", இருட்டுவதற்கு முன் வந்துவிடு என்ற எச்சரிக்கை. கொங்கில் வெடியால என்றால் காலையில்.

யாழ்ப்பாணத் தமிழில் இந்தப் பொழுதுகளுக்கு வேறொரு வரிசையே இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வரிசை. மதியம் தாண்டி வெயில் சாயும் நேரம் பின்னேரம். "பின்னேரம் வாறன்" என்றால் மூன்றரை, நாலு, ஐந்து. சூரியன் மறைவது பொழுதுபடுவது. வானம் சிவந்து கிடக்கும் நேரம் செக்கல். அது கறுத்து, முகம் தெரியாமல் ஆகும் நேரம் மைம்மல். இன்றிரவு என்பதை "இரவைக்கு" என்பார்கள். அதிகாலை விடியப்புறம். தமிழ்நாட்டார் அதிகம் குழம்புவது "விடிய" என்ற சொல்லில். நாம் விடிய என்றால் விடியும் வரை என்று எடுத்துக்கொள்வோம். அவர்கள் "நாளைக்கு விடிய எட்டு மணிக்கு வாங்கோ" என்றால் காலை எட்டு மணி.

ஒன்பதாம் படி: எழுதும்போது

நள்ளிரவு, நல்லிரவு இரண்டையும் கலக்காதீர்கள். நள்ளிரவு நடு இரவு. நல்லிரவு வாழ்த்து. "நல்லிரவில் விபத்து" என்று எழுதிவிட்டால் படிப்பவர் மனம் நோகும். மாலைப் பொழுது, இரவுப் பணி, மாலைக் காட்சி என்று ஒற்று மிகும். இரவு நேரம், மாலை வேளை என்பவற்றில் மிகாது. இன்று இரவு என்றும் எழுதலாம், இன்றிரவு என்றும் சேர்க்கலாம். திருக்குறளில் இரவு என்று ஓர் அதிகாரம் இருக்கிறது, 106ஆவது. அங்கே ராத்திரியைத் தேடினால் கிடைக்காது. இரத்தல், அதாவது கேட்டு வாங்குதல் என்ற வினையிலிருந்து வந்த இரவு அது.

பத்தாம் படி: ராத்திரி விடைபெறுவது

மாலை வணக்கம், இனிய இரவு வணக்கம் எல்லாம் மேடைக்கும் வாட்ஸ்அப்புக்கும் சரி. வீட்டில் படுக்கப் போகும்போது வாழ்த்துச் சொல்லும் வழக்கம் நமக்குக் கிடையாது, அதனால் பேசாமல் போகிறார்களே என்று வருந்த வேண்டாம். அதற்குப் பதில் வேறு வாக்கியங்கள் உண்டு. "தண்ணி வச்சிருக்கேன், எடுத்துக்கோ", "போர்வை போதுமா?", "கதவைச் சாத்திட்டியா?", "சரி, நேரமாச்சு, படு". இவற்றுக்கு, "சரி அத்தை, நீங்களும் படுங்க" என்று பதில் சொன்னால் போதும். அந்நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்புவதாக இருந்தால் போறேன் என்று சொல்லாதீர்கள், போயிட்டு வரேன் என்று சொல்லுங்கள். வாசல் வரை வருவார்கள், வாசல் விளக்கை நீங்கள் தெருமுனை திரும்பும் வரை எரியவிடுவார்கள், "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்பார்கள். எந்தச் சாமமாக இருந்தாலும் பண்ணிவிடுங்கள். அதுவரை தூங்கமாட்டார்கள்.